ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம் மரிக்கொழுந்து

போதைப்பொருளுக்கு எதிரான போரில் நான் பரிசு வாங்கியவன். ஒரு சால்வை, ஒரு சான்றிதழ், ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து. மேடையில் ஏற்றி, என் பெயரைப் பாதியாக்கிச் சொல்லி, கை தட்டினார்கள். அப்படி என்ன வீரச்செயல் செய்தாய் என்று கேட்பீர்கள். கூடப் பிறந்த தங்கச்சியின் புருஷனைப் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் பிடித்துக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்தேன்.

முழுப் பெயர் வானமாமலை. தாராவியில் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறேன், எட்டு மெஷின். அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் உண்டு. எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை கமிட்டிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர். தலைவர் மாறுவார், பொருளாளர் மாறுவார், செயலாளர் மாறமாட்டார். காரணம் என் நேர்மை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம், ரப்பர் ஸ்டாம்பு என் சட்டைப் பையில் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை சுடலைக்குக் கொடை கொடுப்போம். எங்கள் சாமி சர்க்கரைப் பொங்கலோடு திருப்தியாகிற சாமி கிடையாது. இலை போட்டால் சாராயம், சுருட்டு, கருவாடு, அவித்த முட்டை எல்லாம் வைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சாவும் வைக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தபோதே இந்த வழக்கமும் கூடவே ஏறி வந்துவிட்டது. நடுவில் சர்க்கார் சட்டம் போட்டது. ஆனால், "இனிமேல் உமக்கு அது கிடையாது, டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று சுடலையிடம் போய்ச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு பொட்டலம், இருபது இருபத்தைந்து கிராம், தொடர்ந்து வைத்துக்கொண்டிருந்தோம்.

அதை வாங்குவது எப்போதும் நான்தான். பாலத்துக்கு அடியில் ஒரு பான் கடையில் கிடைக்கும். அந்தக் கடையில் நின்று பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசல் நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் வாசலில் நிற்பவர்களுக்குத்தான் அந்தக் கடை தெரியாது. எந்த ஸ்டேஷன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இன்னும் இந்த ஊரில் பிழைக்க வேண்டும்.

அந்த வருஷம் எனக்கு வேறு பெரிய வேலை வந்துவிட்டது. முலுண்டிலிருந்து ஒரு கட்டட காண்ட்ராக்டர் சிறப்பு விருந்தினராக வருகிறார். அவருக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியது செயலாளரின் கடமை அல்லவா. ஆகவே பூலோகத்தைக் கூப்பிட்டேன்.

பூலோகம் என் தங்கச்சி மாரிசெல்வியின் புருஷன். செம்பூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வெல்டர். கல்யாண வீட்டில் எல்லோரும் பீடா போட்டு வாயைச் சிவப்பாக்கிக்கொண்டு திரிந்தால், வெறும் பாக்கைக்கூட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற ஆள். கம்பெனி கேட் பாஸுக்காக வருஷா வருஷம் போலீஸில் நற்சான்று வாங்கி வாங்கி அவருக்கு ஒழுக்கம் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது.

"மாப்ள, மாட்டுங்காவுக்கு மரிக்கொழுந்து வாங்கப் போறீரில்லா. வர்ற வழியில பாலத்துக்கு அடியில அந்தப் பான் கடையில ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாரும். என் பேரச் சொன்னா குடுப்பான்" என்றேன்.

"மச்சான், எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. எப்பவும் போல நீங்களே வாங்கிருங்களேன்."

"ஒமக்கா வாங்கச் சொல்லுதேன்? சாமிக்குத்தானவே. பயந்து சாவாதையும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மச்சான் சொன்னால் தட்டமாட்டார். இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சைத் தட்டாமல் இருப்பதைப் போல ஆபத்தான குணம் வேறு இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய பை. அதில் மரிக்கொழுந்து, துளசி, வேப்பிலை, நடுவில் பொட்டலம். கோயில் வாசலில் பையை இறக்கி வைத்தார். பின்னாலேயே சாதா உடுப்பில் நாலு பேர் வந்து அவருடைய தோளில் கை போட்டார்கள். அது மாசக் கடைசி, ஸ்டேஷனில் கேஸ் கணக்குக் காட்ட வேண்டிய நேரம். போதை ஒழிப்பு மாதம் என்று வேறு ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்தார்கள். அந்தப் பான் கடைக்காரனும் நாட்டுக்குத் தன்னால் முடிந்ததைச் செய்யலாம் என்று, தான் விற்ற பொட்டலத்துக்குத் தானே ஆள் காட்டியிருக்கிறான்.

நான் அப்போது கோயிலுக்குப் பின்னால் மைக் செட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வருவதற்குள் பூலோகத்தை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். என்ன விஷயம் என்று ஆபீசரிடம் கேட்டேன். "சும்மா விசாரணை, பத்து நிமிஷம்" என்றார். சொல்லிவிட்டு ஐந்தாறு தாள்களை நீட்டினார். எல்லாம் மராத்தியில் கைப்பட எழுதியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கொடைக்கு ஒவ்வொரு வருஷமும் போலீஸ் வரும், லவுட்ஸ்பீக்கருக்கு ஒரு தாள் நீட்டும், நான் கையெழுத்துப் போடுவேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். எனக்கு மராத்தி பேசத் தெரியும், பேரம் பேசத் தெரியும், ஏச்சு வாங்கிக்கொள்ளவும் தெரியும். படிக்க மட்டும் தெரியாது. என் கவலையெல்லாம் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதுதான். முலுண்டுக்காரர் வந்து மைக் இல்லாமல் பேசினால் என் மானம் என்ன ஆவது?

போட்டேன். ஒவ்வொரு தாளிலும் அழகாக, முழுசாக, தமிழில் வானமாமலை என்று போட்டேன். போட்டதோடு நிற்காமல், யாரும் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஒவ்வொரு தாளிலும் குத்தினேன். ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் சர்வீஸிலேயே முத்திரையோடு சாட்சி சொன்ன ஆளைப் பார்த்திருக்க மாட்டார். நாலு பேரையும் உட்காரவைத்து இலை போட்டுப் பொங்கல் வேறு பரிமாறி அனுப்பினேன்.

ஐந்தரை மணிக்கு மாரிசெல்வி ஓடி வந்தாள். தலையை முடியக்கூட இல்லை.

"அண்ணே, அவியளக் கஞ்சா கேசுல பிடிச்சிட்டாவளாம். ஸ்டேசன்ல உள்ள விடமாட்டேங்காவ. யாரு அனுப்புனா அவியள? நீயா அனுப்புன?"

சுற்றிக் கமிட்டிக்காரர்கள் பத்துப் பேர். மாலையும் கையுமாக முலுண்டுக்காரர் வருகிற வழி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது.

"நான் எதுக்குட்டி அனுப்புதேன்? சாமிக்கு உள்ள பொட்டலம் நேத்தே வாங்கி என் பெட்டியில வச்சாச்சு. இது அவரு தனியா வாங்கினதுபோல இருக்கு."

பெட்டியில் ஒரு மண்ணும் கிடையாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "அவிய குடிக்க மாட்டாவளே" என்றாள். எனக்குச் சொன்னாளா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சரியாகவில்லை.

ஒரு மாசம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போதை ஒழிப்பு விழா, நீங்கள் அவசியம் வர வேண்டும் என்றார்கள். கமிட்டி நல்ல முறையில் ஒத்துழைத்ததற்குப் பாராட்டு போலிருக்கிறது, நாலு பெரிய ஆட்களைப் பார்த்தால் பூலோகத்தின் ஜாமீனுக்கு வழி பிறக்கும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேடையில் ஏற்றினார்கள். சால்வையைத் தோளில் போட்டார்கள். மைக்கில் ஒருவர் மராத்தியில் பேசினார். படிக்கத்தான் தெரியாதே தவிர, கேட்டால் புரியும் அல்லவா? "சொந்தக் கண்ணால் சோதனையைப் பார்த்து, எடை போட்டதைப் பார்த்து, பயப்படாமல் பஞ்ச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட வீரக் குடிமகன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சபை எழுந்து நின்று கை தட்டியது. நான் சால்வையோடு சிரித்துக்கொண்டு நின்றேன். போட்டோ அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒரு முட்டாள் எப்படிச் சிரிப்பான் என்று யாருக்காவது பாடம் நடத்த வேண்டுமானால் அந்தப் போட்டோவைத் தருகிறேன்.

சால்வையைக் கழற்றிக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு நேரே கிங்ஸ் சர்க்கிளுக்கு, பூலோகத்துக்காக நாங்கள் வைத்திருந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். சுஷ்மா, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. என் கையெழுத்தைக் காட்டி, "இது என்ன எழுதியிருக்கு அங்கிள்?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு மராத்தி படிக்க வராது, அவளுக்குத் தமிழ் படிக்க வராது. எங்கள் கேஸ் நல்ல கையில்தான் இருந்தது.

"அங்கிள், இது லவுட்ஸ்பீக்கர் பேப்பர் இல்ல. பஞ்சநாமா, சோதனைக்கு சாட்சி எழுதி வாங்கற பேப்பர். 'என் கண்ணு முன்னாடி சோதனை போட்டா, எடை போட்டா, பச்சை இலையும் பூவும் கலந்த கஞ்சா ஒரு கிலோ நூத்தி நாப்பது கிராம்'னு எழுதிருக்கா. கீழ நீங்க சைன் பண்ணிருக்கேள்."

"ஒரு கிலோவா? பொட்டலம் இருவது கிராம்கூட இருக்காதும்மா."

"பையோட தூக்கி வச்சிருப்பா. மரிக்கொழுந்து, துளசி எல்லாம் சேர்த்து. ஒரு கிலோவுக்குள்ளன்னா சின்ன கேஸ், ஜாமீன் அவரோட உரிமை, மாக்ஸிமம் ஒரு வருஷம். ஒரு கிலோ தாண்டினா பத்து வருஷம் வரைக்கும் போகலாம். புரியறதா?"

புரிந்தது. மாட்டுங்காப் பூக்கடையில் பகிரங்கமாக விற்கிற மரிக்கொழுந்து, பூலோகத்தின் பையில் ஏறினதும் கஞ்சாவாகிவிட்டது. சுடலையால்கூட இப்படி ஒரு அற்புதம் செய்ய முடியாது.

"கையெழுத்து ஓகே அங்கிள். ஸ்டாம்பு யாரும் கேக்கலியே, அதை ஏன் குத்தினேள்?" என்று கேட்டாள். நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜாமீன் ஒரு தடவை கேட்டோம், கிடைக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டோம். குழந்தைகள் கூடுகிற கோயில் வாசலில் பிடிபட்ட சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். சாட்சி கௌரவமான ஆள், சால்வை வாங்கியவர் என்று எங்களுக்கு எதிராக என்னையே காட்டினார்கள். கம்பெனி கேட் பாஸை ரத்து செய்தது. அவர்கள் மகள் கீதா நர்ஸிங் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் பில் போடப் போனாள். மாரிசெல்வி நாலு வீட்டுக்கு டிபன் டப்பா சமைத்துக் கொடுத்தாள். மாசத்துக்கு இரண்டு தடவை, இரண்டு ரயில் மாறி, ஒரு பஸ் பிடித்து, ஜெயிலில் முலாகாத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் இவள், நடுவில் ஒரு போன், கால் மணி நேரம். சால்வைப் போட்டோவை முலாகாத் வரிசையில் நிற்கும்போதுதான் வாட்ஸப்பில் பார்த்தாளாம். படிக்கத் தெரியாமல் ஏமாந்துவிட்டேன் என்று அழுதேன். "ஒன்ன மாதிரி ஆள ஏமாத்த எத்தன நேரமாவும்" என்றாள். அதோடு அதை மன்னித்துவிட்டாள். ஆனால் பெட்டியில் பொட்டலம் இருக்கிறது என்று சொன்னது பொய் என்பதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிப் போட்டேன், கீதாவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு நான் ஒருத்தன்தானே இருக்கிறேன், என்னையும் வெறுத்துவிட்டால் அவள் யாரிடம் போவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஆன பிறகு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சுஷ்மா தெளிவாகச் சொன்னாள். எடையைப் பார்க்கவில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் கேஸ் ஆட்டம் காணும். ஆனால் பொட்டலம் யாருக்கு என்று கேட்பார்கள். கமிட்டிதான் வாங்கச் சொன்னது என்றால், வாங்கச் சொன்ன ஆளையும் பிடித்து உள்ளே வைக்கலாம். அதாவது என்னை.

கமிட்டி கூடியது. கோயிலின் பெயர் கெடக் கூடாது, பூலோகம் நல்லவர்தான், ஆனால் அவர் ஒருத்தர், கோயில் எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒருத்தர் மிச்சமில்லாமல் கை தூக்கினார்கள். ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வந்து, தாளில் உள்ளபடி சொன்னால் அடுத்த கொடைக்கு மைக் பெர்மிஷன் சீக்கிரம் கிடைக்கும் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக நானே முலாகாத்துக்குப் போனேன். போனை எடுத்து, "மாப்ள, நான் உண்மையச் சொல்லப் போறேன்" என்றேன்.

பூலோகம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "வேண்டாம் மச்சான். ரெண்டு பேரும் உள்ள கெடந்தா வெளிய இவளுக்கு யாரு? கீதாவுக்கு யாரு?" என்றார். இத்தனை மாசத்தில் ஒரு தடவைகூட அவர் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. போலீஸிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை, சொந்தப் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

கோர்ட்டில் மாரிசெல்வியை உள்ளே விடவில்லை, இடமில்லை என்று வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். கையில் புருஷனுக்குக் கொண்டுவந்த டப்பா. சர்க்கார் வக்கீல் கேட்டார்.

கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். ஸ்டாம்பு? அதுவும் என்னுடையதுதான். உங்கள் கண் முன்னால் எடை போட்டார்களா?

"இல்ல சாப்" என்றேன். "எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. மைக் பர்மிஷன்னு நினைச்சுப் போட்டேன். எடை நான் பாக்கல. பொட்டலம் சாமி படையலுக்கு வாங்கினது. வாங்கச் சொன்னது நான்."

இந்தியில்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டாம்பு இல்லாமல் ஒரு உண்மை சொன்னேன். உடனே பின்னால் கூண்டிலிருந்து பூலோகம் எழுந்தார். எல்லோரும் உட்காரு உட்காரு என்கிறார்கள், அவர் உட்காரவில்லை.

"பொய் சாப். என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றார். பொட்டலம் என்னோடது. நான் குடிக்கிறதுக்கு நான் வாங்கினேன். மத்ததெல்லாம் மரிக்கொழுந்து. சாமிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை."

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், உறவுக்காகக் கோர்ட்டில் பொய் சொல்வது குற்றம், இந்த ஒரு தடவை எச்சரித்து விடுகிறேன் என்றார். சால்வை வாங்கிய அன்று சொல்லாத பொய்க்குக் கை தட்டினார்கள், இன்றைக்குச் சொன்ன உண்மைக்கு எச்சரிக்கை கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மூச்சு வந்தது. நான் உள்ளே போக வேண்டாம் என்று தெரிந்ததும் மறுத்துப் பேச என் வாய் திறக்கவில்லை.

மற்றதெல்லாம் மரிக்கொழுந்து என்று பூலோகம் சொன்னதை சுஷ்மா பிடித்துக்கொண்டாள். பையைப் பிரிக்கச் சொல்லி மனுப் போட்டாள். அடுத்த தேதியில் சீல் வைத்த பையை உடைத்தார்கள். மேஜை மேல் காய்ந்த சருகு கொட்டியது, மரிக்கொழுந்து வாசம் லேசாக அப்போதும் இருந்தது, குமாஸ்தா தும்மினார். தராசில் வைத்தால் மொத்தமே இருநூற்றுத் தொண்ணூறு கிராம். அதில் பொட்டலம் பதினேழு கிராம். மிச்சம் எண்ணூற்றைம்பது கிராம், சீல் வைத்த பைக்குள்ளிருந்து, காவலில் இருக்கும்போதே தப்பித்துப் போய்விட்டது. அதை இன்னும் யாரும் தேடிப் பிடித்ததாகத் தெரியவில்லை.

சின்ன அளவு என்று தீர்ப்பானது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஒரு வருஷம் தண்டனை. உள்ளே இருந்தது அதற்குள் இருபத்திரண்டு மாசம். மேற்கொண்டு இருந்த பத்து மாசத்துக்கு யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கூடவே ஒரு கருணையும் காட்டினார்கள். போதைக்கு அடிமையானவர் என்று அவரே சொல்வதால், ஆறு மாசம் சனிக்கிழமைதோறும் செம்பூரில் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும், குடும்பத்தார் கூட வர வேண்டும் என்று உத்தரவு.

வராந்தாவில் சுஷ்மா மாரிசெல்வியிடம் நல்ல சேதியாகத்தான் சொன்னாள். அவர் குடிப்பதற்கு வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டார், அதனால்தான் வெளியே வருகிறார் என்று. மாரிசெல்வி கையிலிருந்த டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "சரி" என்றாள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அஸ்ரின் என்று ஒரு சின்னப் பெண்தான் கவுன்சிலர், தங்கமான பிள்ளை. ஒவ்வொருத்தராகத் தன் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூலோகத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாது. எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டால் டீயில் போட்டு என்றார். மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். எப்போது ஆரம்பித்தீர்கள் என்றால் ஒரு வாரம் பத்து வருஷம் என்பார், மறு வாரம் ஆறு வருஷம் என்பார். மறைக்கிறார் என்று அஸ்ரின் குறித்துக்கொண்டாள். போதை மருந்தே தொடாதவனைக் குணப்படுத்துவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வைத்தியம் என்று அங்கே பார்த்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை. குடும்பத்தார் கேட்க நினைப்பதை இன்றைக்குக் கேட்கலாம் என்றாள் அஸ்ரின். மாரிசெல்வி அதுவரைக்கும் அங்கே வாயைத் திறந்ததில்லை. எனக்கும் பூலோகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள், அவர் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் முடிஞ்ச மறு வருசம் தீவாளிக்கு, பாதி ராத்திரி கழிச்சு வந்தியளே. ஓவர்டைம்னு சொன்னிய. அது இதுதானா?"

பூலோகம் தரையைப் பார்த்தார். "ஆமா."

"எங்க அம்மா செத்ததுக்கு ஊருக்குப் போனப்ப, ரெயில்ல கதவுகிட்டயே நின்னுட்டு வந்தியளே. அதும் இதுதானா?"

"ஆமா."

"கீதாவுக்கு டெங்கு வந்து கெடந்தப்ப, மாடிப்படிக்குப் போயிட்டு கண்ணு செவந்து திரும்பி வந்தியளே."

"அதும்தான்" என்றார் பூலோகம்.

அந்த மாடிப்படியில் அன்றைக்கு நானும் அவர் கூட இருந்தேன். பிள்ளை பிழைக்காதோ என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதனால்தான் கண் சிவந்தது. இருபது வருஷக் குடும்பத்தை அவள் ஒவ்வொரு நாளாக எடுத்து நீட்டுகிறாள், அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்கவே" என்றேன். "மாரிசெல்வி, அவரு ஒரு நாளும் குடிச்சதில்ல. பொட்டலம் வாங்க அனுப்புனது நான். மாட்டேன்னு சொன்னாரு, நான்தான் ஏசி அனுப்புனேன். என் பெட்டியில அன்னைக்கு ஒண்ணும் இல்ல. ஒன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"மச்சான் எனக்காகப் பொய் சொல்லுதாவ" என்றார் பூலோகம், தலையைத் தூக்காமலே.

அஸ்ரின் என்ன விஷயம் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் இந்தியில் திரும்பச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோயாளியைக் குடும்பம் இப்படிக் காப்பாற்றப் பார்ப்பது சகஜம், எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இதற்கு இன்னும் கொஞ்ச காலம் தேவைப்படும் என்றாள். கோர்ட்டுக்குப் போகிற ரிப்போர்ட்டில் இன்னும் ஆறு மாசம் சேர்த்து எழுதினாள்.

மாரிசெல்வி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதில் எது உண்மை என்று கண்டுபிடிக்க அவளுக்கு எந்த ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை. பிறகு புருஷனிடம் கேட்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லா? ரெண்டு வருசம். ஒங்களப் பத்தி நான் என்னெல்லாம் நெனச்சுட்டுக் கெடந்தேன் தெரியுமா?"

"ஒனக்கு இருக்கது ஒரே ஒரு அண்ணன்" என்றார் பூலோகம்.

அவள் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பூலோகத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து பேர் பார்க்கிறார்களே என்று அவள் கூச்சப்படவில்லை. என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது.

மணி ஆகிவிட்டது என்று அஸ்ரின் கூட்டத்தை முடித்தாள். அடுத்த வாரத்துக்கு வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டே வந்து, எங்களிடம், "அண்ணனும் வருவார்தானே?" என்று இந்தியில் கேட்டாள்.

"எந்த அண்ணன்?" என்றாள் மாரிசெல்வி. அவளும் இந்தியில்தான் கேட்டாள், அங்கே இருந்த எல்லோருக்கும் புரியும்படி.